போறேன் என்றது யார்?

விருதை வாங்க நீண்ட சபேசனின் கையை, பாதி வழியிலேயே இன்னொரு கை பிடித்து நிறுத்தியது.

பிடித்தவள் மெய்யம்மை. ஏழு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு, ஒரு காலில் மட்டும் செருப்பு, மார்போடு அணைத்த டேப்லெட். அரங்கம் முழுக்க உட்கார்ந்திருந்த ஊழியர்களில் சிலர், இதுவும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"உடனே என்கூட வாங்க. ஒருத்தர் சாகப் போறாங்க."

சபேசன் மைக்கைக் கையால் மூடினார். புன்னகையை மட்டும் மூடவில்லை, அது கேமராவுக்கானது.

"மேடம், இந்த பில்டிங்ல எல்லாரும்தான் தினம் செத்துக்கிட்டிருக்காங்க. அஞ்சு நிமிஷம் பொறுங்க. போட்டோ எடுத்துக்கறேன்."

சபேசன், ஹெலிக்ஸோரா நிறுவனத்தின் மனிதவளத் தலைவர். பழைய மகாபலிபுரம் சாலையில், மே மாத வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு, வியர்க்காமல் இருக்கத் தெரிந்தவர். அன்று அவருக்குக் கிடைக்க இருந்தது 'ஆண்டின் மகிழ்ச்சியான அலுவலகம்' விருது. தரும் அமைப்பின் செயலாளரும் அவரே என்பதால் போட்டி கடுமையாக இல்லை.

"போட்டோ எடுங்க," என்றாள் மெய்யம்மை. "திங்கட்கிழமை என் இறுதி அறிக்கையில நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

புன்னகை அணைந்தது. சபேசன் மேடையை விட்டு இறங்கினார்.

*

அவளுடைய கையெழுத்துக்கு அத்தனை மதிப்பு வந்ததற்குக் காரணம் ஒரு சட்டம்.

ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு மனநல மருத்துவர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தது. கம்பெனிகள் பதறின. டாக்டர் என்றால் சம்பளம் கேட்பார், அறை கேட்பார். அதைவிட மோசம், 'இவருக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள்' என்று எழுதித் தருவார். அதற்குப் பதிலாக ஹெலிக்ஸோரா கொண்டுவந்ததுதான் 'நிம்மதி'.

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவி அது. எல்லோரும் 'பொட்டு' என்றார்கள். இரண்டு முறை தட்டினால் ஆணும் இல்லாத, பெண்ணும் இல்லாத ஒரு குரல், "வணக்கம், நான் நிம்மதி. சொல்லுங்க" என்று சொல்லும். நீங்கள் சொல்லலாம். எதை வேண்டுமானாலும். இயந்திரம்தானே, யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது? 'மனம் கனக்கிறதா? தட்டுங்கள்!' என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டிருந்தார்கள், கழிப்பறைக் கதவின் உள்பக்கம் உட்பட.

மெய்யம்மை, ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர். 'நிம்மதி' இருந்தால் டாக்டர் வேண்டாமா என்று இரண்டு வருடம் பார்த்துச் சொல்ல அரசு அவளை அனுப்பியிருந்தது. அவளுடைய எண்கள் சபேசனுக்காகவே பிறந்தவை போல இருந்தன. மூவாயிரம் ஊழியர்களில் இரண்டு வருடத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று விடாமல் கேட்டவர்கள் எட்டே பேர். எட்டுப் பேருக்கு எதிரேயும் கம்பெனி தந்த குறிப்பு ஒன்றுதான்: 'குணம். வேறு பணிக்கு மாற்றம்.' டாக்டருக்கென்று ஒதுக்கிய அறையில் இப்போது டேபிள் டென்னிஸ் ஆடினார்கள்.

"இப்ப சொல்லுங்க. யாரு சாகறா?" என்றார் சபேசன், மேடைக்குப் பின்னால்.

மெய்யம்மை டேப்லெட்டை நீட்டினாள். உரையாடல்களின் கடைசி வரி மட்டும்தான் ஆய்வுக்காக அவளுக்கு வரும், மற்றதெல்லாம் அந்தரங்கம். 'சரி, வரேன்.' 'அப்புறம் பேசறேன்.' 'மேனேஜர் வரான், வெச்சிடறேன்.' அந்த வரிசையில், கால் மணி நேரத்துக்கு முன்னால் வந்த ஒரு வரி:

'போய் நல்லா சாப்பிடுங்க. நான் போறேன்.'

சபேசன் இரண்டு முறை படித்தார். "இதுல என்ன மேடம் இருக்கு? எவனோ சாப்பிடப் போறான்."

"சார், உங்க வீட்டுல கிளம்பும்போது என்ன சொல்லுவீங்க?"

"பைன்னு சொல்லுவேன்."

"உங்க அம்மாகிட்ட?"

சபேசனின் குரல் இறங்கியது. "போயிட்டு வரேன்னு."

"போறேன்னு சொன்னா?"

"திட்டு விழும்."

"ரெண்டு வருஷமா கடைசி வரி மட்டும் படிக்கிறேன். லட்சக்கணக்குல. கோவத்துல வெச்சவன்கூட வரேன்னுதான் சொல்லியிருக்கான். மொட்டையா 'நான் போறேன்'னு ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. சாவுப் பேச்சு வந்தா அடிக்கிற அலாரம் ஏன் அடிக்கல?"

"அலாரமா?" சபேசன் சிரித்தார். "ஆரம்பத்துல நீங்க இல்ல மேடம். மிஷின் வெளிநாட்டுச் சரக்கு. 'பசியில செத்தேன்'னு ஒருத்தன் லிஃப்ட்ல சொன்னான், ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. 'தலைவலி உயிர் போகுது', ஆம்புலன்ஸ். 'இந்த கிளையன்ட் என் உயிரை வாங்குறான்', அதுக்கு போலீஸே வந்துச்சு, கிளையன்டைத் தேடி. ஆம்புலன்ஸ் டிரைவருங்களுக்கு கேன்டீன்ல தனி டேபிளே போட்டோம். அப்புறம் சரி பண்ணினோம். இப்ப தங்கமா புரிஞ்சுக்குது."

"எப்படி சரி பண்ணினீங்க?"

"அதெல்லாம் டெக்னிக்கல் மேடம்," என்று கோட்டைச் சரி செய்துகொண்டார். "அப்புறம், மிஷினைப் போய் சாப்பிடுங்கன்னு சொல்ற ஆளு. கொஞ்சம் லூசாத்தான் இருக்கும்."

"லூசா இருந்தா சாகலாமா? பேர் வேணும். இப்பவே."

பெயர்கள் யாருக்கும் தெரியாது, கடவுளுக்கே தெரியாது என்று இரண்டு வருடமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்த சபேசன், கைப்பேசியில் நான்கு எண்களை அழுத்திப் பெயரைச் சொன்னார்.

*

இசக்கிமுத்து கேன்டீனில் இருந்தான். உயிரோடு. எலுமிச்சை சாதத்தோடு.

மெய்யம்மை ஓடிவந்து அவன் தோளைப் பிடித்ததில் அப்பளம் நொறுங்கியது.

"நீங்க நல்லாருக்கீங்களா?"

"அப்பளம் போற வரைக்கும் நல்லாத்தான் மேடம் இருந்தேன்," என்றான் அவன். திருநெல்வேலிக்காரன்; சாஃப்ட்வேரில் பிழை தேடும் வேலை; ஒல்லி உடம்பு, தூங்காத கண்கள். மனிதவளத் தலைவரே பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "சார், வேலையை விட்டுத் தூக்குறீங்களா?"

"நிம்மதிகிட்ட இப்ப பேசினீங்களா?" என்றாள் மெய்யம்மை.

"அதை யார்ட்டயும் சொல்லாதுன்னுல்லா சொன்னாங்க!"

"ஏன் 'நான் போறேன்'னு சொன்னீங்க?"

"நானா?" அவனுக்கு உண்மையாகவே அதிர்ச்சி. "என்ன மேடம் இது. எங்க அம்மை செவுட்டுல அறைஞ்சிருவா. நான் 'பசிக்கு, வாரேன்'னுதான் சொன்னேன்."

"அப்ப போறேன்னது யாரு?"

இசக்கிமுத்து காதுக்குப் பின்னால் விரலை வைத்தான். "இதுதான்."

மெய்யம்மை டேப்லெட்டில் அந்த வரியை மறுபடி படித்தாள்.

இயந்திரம் எப்போதும் ஒரே வாசகத்தோடுதான் விடைபெறும்: 'உங்கள் நாள் இனிதாகட்டும்.' அந்த வாசகத்தை மென்பொருள் வெட்டிவிட்டு, ஊழியரின் கடைசி வரியை அவளுக்கு அனுப்பும். இன்று வெட்டவில்லை. வெட்ட அந்த வாசகம் அங்கே இல்லாததால், இயந்திரம் பேசியதே கடைசி வரியாக வந்திருந்தது.

"இன்னைக்கு அது பேசினதுல வேற ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"நின்னு நின்னு பேசுச்சு மேடம். ஒரு வார்த்தை, அப்புறம் சத்தமே இல்ல, அப்புறம் ஒரு வார்த்தை. நெட்டு ஸ்லோன்னு நெனச்சேன்." கொஞ்சம் யோசித்தான். "கண்ண மூடுனா தூக்கம் வரலன்னு சொன்னேன். 'எனக்கும்'னுச்சு. சர்வருக்கு என்னத்த தூக்கம்னு சிரிச்சிட்டேன்."

மெய்யம்மை திரும்பி சபேசனைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவருக்கு வியர்த்திருந்தது.

*

"யாரு அது?"

"ஏஐ மேடம்..."

"சார், நான் இப்ப கத்துவேன். மூவாயிரம் பேருக்கும் கேக்கும்."

படிக்கட்டு மூலையில், 'ஆழ்ந்து மூச்சு விடுங்கள்' என்ற போஸ்டருக்குக் கீழே, சபேசன் மூச்சு விட்டார்.

"சரி பண்ணினது எப்படின்னு கேட்டீங்களே. நம்ம ஆளுங்க பேசற பேச்சு அந்த மிஷினுக்குச் செரிக்கல. அதைக் கழட்டிட்டு மனுஷங்களைப் போட்டோம்."

"மனுஷங்க."

"அதுலயும் பாருங்க, மிஷினை விட மலிவு. குரல் மேல ஒரு சாஃப்ட்வேர் போர்த்திடுவோம். அழுகை, இருமல், கொட்டாவி எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடும். சுத்தமா மிஷின் மாதிரியே வரும்."

அழுகையை வழித்து எடுத்தால் மிஞ்சுவது மௌனம். நெட் ஸ்லோ.

"ஏன் மறைச்சீங்க?"

"மனுஷன்னு சொன்னா எவன் மேடம் வாயைத் திறப்பான்? நாளைக்கு ஆபீஸ் பூரா பரவிடும்னு பயப்படுவான். மிஷின்னா கொட்டறான். நீங்களே எழுதியிருக்கீங்களே, 'மனிதரைவிட நிம்மதியிடம் மனம் திறக்கிறார்கள்'னு. அழகான வரி மேடம். பேனர்லயே போட்டோம்."

"அந்த மனுஷங்களுக்கு மனசு சரியில்லைன்னா யார்கிட்ட பேசுவாங்க?"

சபேசன் உண்மையாகவே குழம்பினார். இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அவங்களுக்கும் பொட்டு குடுத்திருக்கோமே மேடம்."

*

இரண்டாவது அடித்தளம். கார்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், 'மின்சாரம் — அபாயம்' என்று மண்டையோடு வரைந்த கதவு. சபேசன் அட்டையைத் தேய்த்ததும் திறந்தது.

எட்டு மேஜைகள். ஏழு பேர் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்களை மூடி, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "சொல்லுங்க, நான் கேட்டுட்டிருக்கேன்." "அது உங்க தப்பு இல்ல." "வணக்கம், நான் நிம்மதி." ஜன்னல் இல்லை. சுவரில் ஒரே ஒரு தாள் பெரிதாக்கி ஒட்டப்பட்டிருந்தது. அதில் இருந்த அட்டவணை மெய்யம்மைக்கு எங்கோ பார்த்தது போல இருந்தது. நின்று பார்க்க நேரமில்லை.

ஏழாம் எண் மேஜை காலி. அதன்மேல் அடையாள அட்டையும், அதன் பக்கத்தில், கழற்றி வைத்த பொட்டும்.

"எங்க அவங்க?"

அடுத்த மேஜைக்காரர் மைக்கை மூடினார். நரை விழுந்த, சோர்ந்த முகம். "பிரேக்குன்னு நெனச்சேன் சார். நான் கால்ல இருந்தேன். ஒரு பொண்ணு அழுதுட்டிருந்துச்சு."

"இங்க பக்கத்துல உக்காந்திருந்தவங்க அழுதது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த ஹெட்போன்ல அதெல்லாம் கேக்காது மேடம்."

மெய்யம்மை மேஜையைப் பார்த்தாள். அட்டை இல்லாமல் இந்தக் கட்டடத்தில் கழிப்பறைக் கதவுகூடத் திறக்காது. வெளி வாசல் திறக்கவே திறக்காது. யாரிடமும் அட்டை கேட்காதது ஒன்றே ஒன்றுதான்: தீ விபத்துக்கான படி. அது சாலையோடு நிற்கவில்லை. மேலேயும் போனது.

"மொட்டை மாடி," என்றாள்.

லிஃப்டுக்குள் பாய்ந்தார்கள். கதவு மூடியது. லிஃப்ட் நகரவில்லை. திரையில் ஐந்து மஞ்சள் முகங்கள் தோன்றின: 'இன்று உங்கள் மனநிலை எப்படி? ஒரு முகத்தைத் தொடவும்.' தொட்டால்தான் கிளம்பும். சபேசனின் ஏற்பாடு.

சபேசனின் விரல் பழக்கத்தில் பல்லைக் காட்டும் முகத்தைத் தொட்டது. 'மிக்க மகிழ்ச்சி!' என்றது லிஃப்ட். மேலே கிளம்பியது.

"எங்கேர்ந்து சார் பிடிச்சீங்க இவங்களை?" என்றாள் மெய்யம்மை. "உளவியல் படிச்சவங்களா?"

"வெளியில ஆள் எடுத்தா ரகசியம் தங்குமா மேடம்? உள்ளேயேதான். அனுபவம் உள்ளவங்களாப் பார்த்து..."

கதவு திறந்தது.

*

மொட்டை மாடிக்கு 'மன அமைதித் தோட்டம்' என்று பெயர். பிளாஸ்டிக் புல், பிளாஸ்டிக் மூங்கில், ஸ்பீக்கரில் ஓடைச் சத்தம். வெயிலில் புல் வெந்து ரப்பர் வாடை அடித்தது.

மறு கோடியில் கைப்பிடிச் சுவரின்மேல், முகம் வெளிப்பக்கமாக, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். ஊதா நிறச் சுடிதார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள், ஏதோ வேலைக்குக் கிளம்பியவள் போல.

சபேசன் ஓடப் பார்த்தார். மெய்யம்மை அவர் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? பெயர் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு பெயர்.

"நிம்மதி!"

அந்தப் பெண் திரும்பவில்லை. ஆனால் வாய், அதன் வழக்கத்தில், தானே பேசியது.

"வணக்கம், நான் நிம்மதி. சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

மெய்யம்மை இருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றிவிட்டு, சுடும் புல்லில் மெதுவாக நடந்தாள்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும். போய் நல்லா சாப்பிடுங்க, நான் போறேன்னு சொன்னீங்க. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க யாரு?"

"டாக்டர்."

பெண் சட்டென்று தலையைத் திருப்பினாள். அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தது போல. "டாக்டரா? நிஜமாவா? மருந்து எழுதற டாக்டரா?"

மெய்யம்மைக்குப் பொய் சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. "இல்ல. ஆராய்ச்சி டாக்டர்."

"ஓ. பேப்பர் எழுதற டாக்டர்." முகம் மறுபடி வெளிப்பக்கம் திரும்பியது. "போறேன்னு ஏன் சொன்னேன்னா, பார்த்தேன். யாராவது கவனிக்கிறாங்களான்னு. அந்தத் தம்பி சிரிச்சிட்டுப் போயிடுச்சு. அது மேல தப்பு இல்ல. மிஷின் போறேன்னா யாரு போகாதேம்பா?"

"நான் கவனிச்சேன்."

ஓடை மட்டும் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏழு மாடி ஏறி, மேடையில ஏறி, இவரு விருதைக் கெடுத்து, ஒரு பையனோட அப்பளத்தை உடைச்சு, செருப்பைத் தொலைச்சிட்டு வந்திருக்கேன். நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்காக."

அந்தப் பெண் மெய்யம்மையின் வெறுங்காலைப் பார்த்தாள். பாதங்கள் சூடு தாங்காமல் மாறி மாறி எழும்பிக்கொண்டிருந்தன.

"சுடலையா?"

"உயிர் போகுது."

அவள் சிரித்துவிட்டாள். நிஜச் சிரிப்பு, எந்த சாஃப்ட்வேரும் வழிக்காதது. "ஆம்புலன்ஸ் வரும் பார்த்துப் பேசுங்க."

"வரட்டும். ரெண்டு பேருமே ஏறிக்கலாம். மருந்து எழுதற டாக்டர் எனக்கு ஒருத்தரைத் தெரியும். நான் கூடவே உக்காந்திருப்பேன். எழுந்து வாங்க. இங்க நிக்க முடியல."

ஊதாச் சுடிதார் உள்பக்கம் திரும்பியது. இரண்டு கால்களும் பிளாஸ்டிக் புல்லில் இறங்கின. மெய்யம்மை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி விடவில்லை.

அப்போதுதான் பின்னால் சபேசனின் குரல் கேட்டது. கைப்பேசியில், அடங்கிய குரலில், அவசரமாக.

"ஏழாம் நம்பர் லைன் காலியா இருக்கு. கியூவுல எத்தனை பேரு? சரி, இந்த மாசம் டாக்டர் கேட்டுத் தொல்லை பண்றது யாருன்னு பாரு."

மெய்யம்மை அதைக் கேட்டாள். கேட்டது உடனே உறைக்கவில்லை. அவள் கவனமெல்லாம் தான் பிடித்திருந்த மணிக்கட்டில் இருந்தது.

மூன்று பேரும் லிஃப்டில் நின்றார்கள். கதவு மூடியது. ஐந்து முகங்கள் தோன்றின. சபேசனின் விரல் பல்லைக் காட்டும் முகத்தை நோக்கி நீண்டது. மெய்யம்மை அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தன் டாக்டர் நண்பரைக் கைப்பேசியில் அழைத்து, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். அவர் நோயாளியின் பெயரைக் கேட்டார்.

"உங்க பேரு என்னம்மா?"

"பேரா?" அந்தப் பெண் திரையைப் பார்த்தபடியே பேசினாள். கிண்டலா களைப்பா என்று பிரித்தறிய முடியாத குரல். "உங்க ரிப்போர்ட்ல பேரெல்லாம் கிடையாதே மேடம். கீழே எங்க ரூம்ல பெருசு பண்ணி ஒட்டி வெச்சிருக்காங்க. தினம் படிக்கிறோம். டாக்டரைப் பார்க்கணும்னு விடாம கேட்டவங்கன்னு எட்டு பேரைப் போட்டிருக்கீங்கல்ல..."

லிஃப்ட் இன்னும் நகரவில்லை.

"அதுல ஏழாவது நான்தான். குணமாகி, வேற பணிக்கு மாறினவ."